கருவி வாங்கும் முன் ஆளைத் தேடுங்கள்

ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்துக் கிராமப் பள்ளிகளில் முதல் மணிக்கு முன் அரை மணி நேரம் உடற்பயிற்சி வைக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே, 'ஓப்பன் ஜிம் போடலாம்' என்கிறார்கள். பக்கத்து ஊரில் போட்டுவிட்டார்களாம். இல்லையென்றால் பெற்றோர் கிரிக்கெட் கோச்சிங் கேட்கிறார்கள். பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பணம் வரும் வழிகள் தெரிந்தவைதான். சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தின் விளையாட்டு மானியம் ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, அதற்கு மேல் 25,000 ரூபாய் வரை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. எம்.பி. தொகுதி நிதி, பழைய மாணவர்கள் என்று வேறு வழிகளும் உண்டு.

எம்.பி. நிதி மேல்தான் எல்லோருக்கும் கண். ஆண்டுக்கு 5 கோடி என்றால் சும்மாவா? ஆனால் அது நிலைத்து நிற்கும் சொத்துக்கான நிதி. விசிலோடு நிற்கும் ஆளுக்குச் சம்பளமோ, பிள்ளைகளுக்குச் சுண்டலோ அதிலிருந்து வராது. அதனால்தான் எல்லாம் இரும்புக் கருவியில் போய் முடிகிறது. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஒரு பள்ளிக்கும் அப்படி வந்தது. பெரியவர்கள் அளவுக்குச் செய்த சைக்கிளில் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பெடல் எட்டவில்லை. பேரிங் போனதும் மாற்றப் பணம் ஒதுக்க வழியில்லை. ஆறு பேர் ஏறினால் மிச்சப் பேர் வரிசையில் நின்றார்கள். அதே அரை மணியில் சவுக்குக் கழி நட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து ஐந்து கோ-கோ களம் போட்டால், களத்துக்குப் பன்னிரண்டு பேராக அறுபது பிள்ளைகள் ஆடலாம். கோ-கோ மேல் எனக்குப் பாசம் அதிகம்தான், மறைக்கவில்லை.

என் தேர்வு இதுதான்: பந்துக்கும் கயிற்றுக்கும் மானியம், பயிற்சி தரும் ஆளின் மாதச் சம்பளத்துக்கு, மூன்று ஆண்டுக்கு எழுதிக்கொடுக்கும் சி.எஸ்.ஆர். கம்பெனி. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையை ஓட விடாதீர்கள். ஆந்திராவில் 2023 மார்ச்சில் வாரம் மூன்று நாள் காலையில் பள்ளிகளில் ராகி ஜாவ (கேழ்வரகுக் கஞ்சி) கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த நாட்களையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளையும் வேகமாக ஓட வேண்டியதில்லை. ஒருத்திக்குக் கயிறு தாண்டுவது வரும், இன்னொருவனுக்குக் கபடியில் பிடி வரும். அது தெரிய ஒரு வருஷமாவது ஆகும். முதல் மாதமே மெடல் கேட்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஜூனில் பள்ளி திறந்து குழு கூடும்போது கருவிப் பட்டியலை நீட்டினால், பயிற்சி நாட்களில் காலையில் வந்து நிற்கப்போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்று முதலில் கேளுங்கள்.