நாய்க்குட்டிக்கு எந்தெந்த ஊசி?

கேள்வி: எஸ்டேட் லயத்தில் ஏழு வார நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கிறோம். வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், மாட்டுப்பட்டி

பதில்: போதாது. குட்டிகளை அதிகம் பலிவாங்குபவை பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்கள். இவற்றைத் தடுக்கும் கூட்டு ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஆனால் ஒருமுறை போட்டால் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, குறையும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போடுகிறார்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

எலிக்காய்ச்சல் ஊசி எல்லா ஊர்களிலும் கட்டாயமில்லை. ஆனால் மழையும் ஈரமும் எலியும் உள்ள உங்கள் மலையில் அவசியம் போடுங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

வெறிநோய் ஊசி 3 மாத வயதில். அடுத்தடுத்த ஊசிகளை மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போடுங்கள். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வேண்டும்; அதற்கு இந்த ஊசிச் சான்று தேவை. குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவிகுளம் காடு உங்களுக்குப் பக்கம். டிஸ்டெம்பர் செந்நாய்களுக்கும் தொற்றும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்நோயால் இறந்தன. உங்கள் குட்டிக்குப் போடும் ஊசி காட்டுக்கும் காவல். ஆகவே, செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாமல் அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.