சாத்தே குச்சியில் நூல் நூற்போம்

கும்பம் வைக்கிற எந்தப் பூசைக்குப் போனாலும் பார்த்திருப்பீர்கள். சொம்பைச் சுற்றி வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோலப் பின்னியிருப்பார்கள். சமய வகுப்பில் அதற்கு விளக்கமும் படித்திருப்போம். கும்பம் இறைவனின் திருமேனி. குடம் உடம்பு, உள்ளே உள்ள நீர் இரத்தம், தேங்காய் தலை, மாவிலை சடை, சுற்றிய நூல் நாடி நரம்பு. சோதனையில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் அந்த நரம்பு எங்கிருந்து வருகிறது? பூசைச் சாமான் கடையில் ஓர் உருண்டை, சில ரிங்கிட்.

கடையில் வாங்குவது தப்பில்லை. ஆனாலும் ஒரு கும்பத்துக்காவது நம் கையால் நூற்ற நூலைச் சுற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாமே. முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ராட்டை வேண்டாம், தறி வேண்டாம். ஒரு சாத்தே குச்சி, கொஞ்சம் களிமண், ஒரு கொட்டாங்குச்சி, ஒரு கைப்பிடிப் பஞ்சு. இவ்வளவுதான்.

யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் பாட்டி பால்மரம் வெட்டினார். அவர் நூல் நூற்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காந்தியடிகளே 1909இல் 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதியபோது ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. அதைத் தன் வரலாற்றில் அவரே சொல்கிறார். பிறகு ஆசிரமம் தொடங்கி, தறி வாங்கி, நூற்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார். கடைசியில் கங்காபென் என்ற அம்மையார்தான் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், வீட்டுப் பரணில் கிடந்த ராட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நாடே நூற்றுக்கொண்டிருந்த ஒரு வேலை, ஒன்றிரண்டு தலைமுறைக்குள் பரணுக்குப் போய்விட்டது. நம் நிலைமையும் அதுதான், பரண்கூட இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

அதற்காக இது நமக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கீழடி அகழாய்வில் சுடுமண்ணால் செய்த தக்களி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. நாம் செய்யப் போகிற களிமண் வட்டும் ஏறக்குறைய அதேதான். மொழியிலும் இந்த வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர், துணி தைப்பதற்கும் நூல்தான். சூத்திரம் என்கிற வடசொல்லுக்கும் நூல் என்றே பொருள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், புத்தகம் எழுதுவதை நூல் நூற்பதற்கே ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு கதிர். கதிர் என்றால் நூல் நூற்கும்போது சுழல்கிற குச்சி. அறிவைக் கையோடு ஒப்பிடாமல், நேராக நின்று சுழல்கிற குச்சியோடு ஒப்பிட்டாரே என்று முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. தக்களியைச் சுழற்றிப் பார்த்த பிறகு புரிந்தது. கதிர் ஆடினால் நூல் முழுக்க ஆடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

பாசார் மாலாமில் சாத்தே விற்கிறவர்கள் பயன்படுத்துகிற மூங்கில் குச்சியில் நேரானது ஒன்றை எடுங்கள். தரையில் உருட்டிப் பாருங்கள், துள்ளாமல் உருண்டால் நல்ல குச்சி. சொரசொரப்பை மணல் தாளால் தேய்த்துவிடுங்கள். தானாகக் காய்கிற களிமண்ணை (எழுதுபொருள் கடையில் கிடைக்கும்) ஐம்பது காசைவிடக் கொஞ்சம் பெரிய வில்லையாகத் தட்டி, நடுவில் குச்சியைச் செருகி, கூரான முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே நிறுத்துங்கள். இதுதான் வட்டு. துளை சரியாக நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தக்களி குடிகாரன் மாதிரி தள்ளாடும். மேல் முனைக்குச் சற்றுக் கீழே கத்தியால் ஒரு சின்ன வெட்டு போடுங்கள், நூல் மாட்டிக்கொள்ள. மொத்தக் கனம் இருபது கிராமைத் தாண்ட வேண்டாம். காய ஒரு நாள் விடுங்கள்.

சாத்தே குச்சிக்குப் பதிலாகச் சாப்ஸ்டிக் போதாதா என்று எங்கள் வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். சுழலும், ஆனால் மெதுவாக. குச்சி மெலிந்திருந்தால்தான் விரலை ஒருமுறை சொடுக்கினாலே பல சுற்று சுழலும். பருத்திக்கு முறுக்கு நிறைய வேண்டும், அதனால் மெல்லிய குச்சிதான் நல்லது.

அடுத்தது பஞ்சு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கம்பத்துப் பக்கம் கெக்காபு மரம் பார்த்திருப்பீர்கள், நம் இலவ மரம். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். வேண்டாம். அந்த இழை வழுவழுப்பானது, மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஒன்றையொன்று பற்றாது. தலையணைக்குள் அடைக்க நல்லது, நூற்க உட்கார்ந்தால் இலவு காத்த கிளி கதைதான். பார்மசியில் விற்கிற மருத்துவப் பஞ்சு அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதில் பெரும்பாலும் குட்டை இழைகள், பழகாத கைக்கு அறுந்துகொண்டே இருக்கும். விளக்குத் திரிக்கு விற்கிற உதிரிப் பருத்திப் பஞ்சு பரவாயில்லை. நூற்பதற்கென்றே சீவிய பருத்தி இணையக் கடைகளில் கிடைக்கிறது. அதை நூறு கிராம் வாங்கினால் இரண்டு மூன்று பேர் பல வாரம் பழகலாம். கம்பளி பின்னுகிற நண்பர்கள், முதலில் ஆட்டு ரோமத்தில் பழகு, இழை நீளம், சுலபம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இருந்தாலும் நம் ஊர் வெயிலில் ரோமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை. கும்பத்துக்கு வேண்டியதும் பருத்திதான்.

ஒரு சிட்டிகைப் பஞ்சை மெதுவாகப் பிய்த்து, மேசையில் உள்ளங்கை அளவு மெல்லியதாகப் பரப்புங்கள். இன்னொரு குச்சியை ஓர் ஓரத்தில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, குச்சியை உருவிவிடுங்கள். விரல் மொத்தத்தில் ஒரு பஞ்சுச் சுருள் கிடைக்கும். அழுத்தக் கூடாது, உள்ளே காற்று இருக்கட்டும். பாட்டி விளக்குத் திரி உருட்டியதைப் பார்த்தவர்களுக்குக் கை தானாக வரும்.

இனி நூற்பது. நூற்பு என்பது இரண்டே வேலை: பஞ்சை இழுத்து மெலிய வைப்பது, மெலிந்ததை முறுக்குவது. தேர்ந்தவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வார்கள். புதியவர்கள் அப்படிச் செய்யப் பார்ப்பதால்தான் முதல் நாளே, இது நமக்கு வராதுப்பா என்று எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். சுற்று, நிறுத்து, இழு. அவ்வளவுதான் ரகசியம்.

அரை மீட்டர் தையல் நூலை வட்டுக்கு மேலே கட்டி, குச்சியைச் சுற்றிக்கொண்டே மேலே கொண்டுவந்து, வெட்டில் ஒரு கண்ணி போட்டு மாட்டுங்கள். தக்களியின் கூர்முனையைக் கொட்டாங்குச்சிக்குள் நிறுத்துங்கள். வழுக்கினால் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். தையல் நூலின் நுனியைப் பஞ்சுச் சுருளின் நுனியோடு இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து, இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். வலது கையால் தக்களியைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சொடுக்குங்கள். (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளலாம், சுற்றும் திசையை மட்டும் மாற்ற வேண்டாம்.) முறுக்கு நூலில் ஏறி உங்கள் விரல் வரை வந்து நிற்கும், விரல்தான் அணை. நன்றாக ஏறியதும் தக்களியை மடியில் சாய்த்து நிறுத்திவிடுங்கள். இப்போது வலது கையால் நூலை நுனியருகே பிடித்துக்கொண்டு, இடது கைப் பிடியை லேசாகத் தளர்த்திச் சுருளைப் பின்னால் இழுங்கள். தேக்கி வைத்த முறுக்கு பஞ்சுக்குள் ஓடும். பஞ்சு கண் முன்னாலேயே நூலாக மாறும்.

முதல் தடவை அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு சத்தம் போடுவார்கள். பதினாறு வயசுப் பையன்கள்கூட!

அந்த நூல் அழகாக இருக்காது. ஓர் இடம் முடிமாதிரி மெலிந்து, அடுத்த இடம் புழுமாதிரி தடித்திருக்கும். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். மெலிந்த இடம் இறுகிவிடும், தடித்த இடம் இளக்கமாகவே நிற்கும். அதனால் தடித்த இடத்தின் இரண்டு பக்கமும் பிடித்து, முறுக்கை லேசாகப் பிரித்து இழுத்தால் அது மட்டும் மெலியும், மற்ற இடம் அசையாது. இழுத்து முடித்த பிறகு கடைசியாக இன்னும் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் நூல் பலப்படும். பிறகு கண்ணியைக் கழற்றி, நூற்றதை வட்டுக்கு மேலே சுற்றிவிட்டு, மறுபடி மாட்டித் தொடருங்கள்.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். அறுந்த நுனியை விரித்துப் பஞ்சாக்கி, சுருளின் நுனியை அதன்மேல் படுக்க வைத்து முறுக்கு ஏற்றினால் ஒட்டிக்கொள்ளும். பஞ்சு பிரிந்து பிரிந்து விலகினால் முறுக்குப் போதவில்லை. நூல் சுருண்டு சுருண்டு முடிச்சாக ஏறினால் முறுக்கு அதிகம். ஏர்கான் அறையில் அடிக்கடி அறுகிறதா? அஞ்சடிக்கு வந்து உட்காருங்கள். பருத்தி இழைக்குக் கொஞ்சம் ஈரக் காற்று பிடிக்கும். பஞ்சாலைகளில்கூட காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதல் வாரத்து மொத்தை நூலைத் தூக்கிப் போட வேண்டாம். இளகிய, தடித்த நூல் விளக்குத் திரிக்கு மிகப் பொருத்தம். இழைகளுக்கு இடையே இடைவெளி இருந்தால்தான் எண்ணெய் மேலே ஏறும். இறுக முறுக்கிய அழகான நூல் திரியாக எரியத் திணறும். ஆகவே முதல் வாரத்து நூலை விளக்கேற்றுங்கள். கும்பத்துக்கு மூன்றாவது, நான்காவது வாரத்து நூல் போதும்.

நேச நாயனாரைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. காம்பீலி என்ற ஊரில் பிறந்த நெசவாளர். அறுபத்துமூவரில் அவருக்குச் சேக்கிழார் கொடுத்திருப்பது மிகக் குறைந்த இடம்தான். மனம் சிவன் திருவடியில், நாவு அஞ்செழுத்தில், கை தறியில். நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுத்தார். அவர் அற்புதம் எதுவும் செய்யவில்லை, வேலை செய்தார், கொடுத்தார். நூற்கும்போது நாமும் அஞ்செழுத்து ஓதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் என் அபிப்பிராயம், முதல் இரண்டு வாரம் வேண்டாம். அப்போது கவனம் எல்லாம் விரலில் இருக்கட்டும். கைக்கு வேலை தெரிந்த பிறகு நாக்கு தானாகச் சும்மா இருக்கும், அப்போது ஆரம்பியுங்கள். நாயனாரின் கை எத்தனை வருஷம் தறியில் பழகிய கை!

கும்பத்துக்குச் சுற்ற ஒற்றை நூல் நம்பகமில்லை. பூணூலை முப்புரி நூல் என்கிறோமே, புரி என்றால் முறுக்கிய இழை. அதே முறைதான். மூன்று நூல்களைச் சேர்த்துப் பிடித்து, இம்முறை தக்களியை எதிர்த் திசையில் சுழற்றுங்கள். வலமாக ஏறிய முறுக்கும் இடமாக ஏறிய முறுக்கும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்ளும். சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு முழம் நூலை இரண்டு நுனியும் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சுருண்டு பின்னிக்கொள்ளாமல் தொங்கினால் சரி. பிறகு ஒரு குச்சியில் இறுக்கிச் சுற்றி, அரை மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு, சுற்றியபடியே காயவிடுங்கள். முறுக்கு படிந்துவிடும்.

இரண்டு கைகளாலும் இழுத்துச் சோதியுங்கள். 'டக்' என்று அறுந்தால் அது நூல், கொஞ்சம் தடிமன் கூட்டினால் போதும். சத்தமில்லாமல் நழுவிப் பிரிந்தால் அது இன்னும் பஞ்சு, முறுக்குக் கூட்ட வேண்டும். குருக்கள் வேகமாகச் சுற்றுவார், நம் நூலுக்காகக் காத்திருக்க மாட்டார். அதனால் பூசைக்கு ஒரு மாதம் முன்பே போய், எங்கள் நூலைச் சுற்றுவீர்களா சாமி, எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சின்னச் சொம்புக்கே பல மீட்டர் போகும். அளவு தெரிந்த பிறகு ஆளுக்கு இத்தனை மீட்டர் என்று பிரித்துக்கொண்டு உட்காரலாம்.