நிலவறையில் ஊற்றெடுத்தால்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறாய். தென் இங்கிலாந்தின் நிலவறைகளைப் பற்றித் தெரிந்துகொள்வது உனக்கு உதவும். அங்கே சில ஊர்களில் வெள்ளம் வாசல் வழியாக வருவதில்லை. தரையைப் பொத்துக்கொண்டு வருகிறது.

2013-14 குளிர்காலத்தில் அந்த நாட்டில் மழை விடாமல் கொட்டியது. ஹாம்ப்ஷயரில் உள்ள ஹாம்பில்டன் கிராமத்தில் நிலத்தடி நீர் மேலேறி, வாரக்கணக்கில் வடியவில்லை. பிரைட்டன் நகரின் பாச்சம் பகுதி 2000-01 குளிர்காலத்திலேயே இதைப் பார்த்துவிட்டது.

காரணம் அடியில் இருக்கும் வெண்சுண்ணாம்புப் பாறை. அதன் நுண்துளைகளில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும். புதிதாக இறங்கும் மழைநீருக்கு இடம் தருபவை பெரும்பாலும் வெடிப்புகள்தான். அவை பாறையின் கன அளவில் நூற்றில் ஒரு பங்கு அளவே. ஆகவே 10 மில்லிமீட்டர் நீர் கீழே போய்ச் சேர்ந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய 1 மீட்டர் உயர்ந்துவிடும். மேற்கு சசெக்ஸின் சில்குரோவ் கிணற்றில் 1836 முதல் நீர்மட்டத்தை அளந்து வருகிறார்கள். அது ஒரே ஆண்டில் பல மீட்டர் ஏறி இறங்குவது வழக்கம்.

நிலவறையில் நீரைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். பழைய வீடுகள் பலவற்றில் மின் மீட்டர் கீழேதான் இருக்கும். இணைப்பைத் துண்டிக்காமல் யாரும் நீரில் கால் வைக்கக்கூடாது. அடுத்தது, அது எந்த நீர் என்று அறிவது. தெருக்குழாய் இணைப்பை மூடியதும் வரத்து நின்றால் குழாய்க் கசிவு. நாற்றம் அடித்தால் சாக்கடை. தெளிந்த நீர், மழை ஓய்ந்து சில நாள் கழித்து, தரையும் சுவரும் சேரும் இடத்தில் கசிந்து, பக்கத்து வீட்டிலும் அதே மட்டத்தில் நின்றால் அது ஊற்றுநீர்.

உடனே மோட்டாரைப் போட்டு இறைக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுக்குழி இறைக்க இறைக்கச் சுரப்பதைப் போலத்தான் இதுவும். சுற்றிலும் உள்ள பாறை முழுவதும் அதற்கு நீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து அழுத்தம். வெளியே நீர் 1 மீட்டர் உயரம் நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். உள்ளே நிற்கும் நீர்தான் அதற்கு எதிர்ப்பாரம். அதை ஒரேயடியாக எடுத்தால் சுவர் உள்வாங்கலாம், தரை வெடிக்கலாம். அதனால்தான் அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபீமா, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் வெளியேற்றச் சொல்கிறது. பெட்ரோல் பம்பு என்றால் வெளியில் வைத்தே ஓட்ட வேண்டும். அதன் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கினால் உயிர் போகும்.

நீர் வடிந்ததும் பலர் தரைக்குக் கான்கிரீட் போட்டு, சுவருக்குச் சிமெண்ட் பூசி அடைக்கப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்: 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ. அடியில் 36 சென்டிமீட்டர் நீரழுத்தம் இருந்தாலே அந்த எடை ஈடாகிவிடும். அதற்குமேல் தரையைப் பிடித்துவைக்கச் சுவரோடு உறுதியான இணைப்பு தேவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவருக்கு அந்தப் பலம் இருக்காது.

ஆகவே பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் பொருந்துவது, நீரை வரவிட்டு வழி காட்டும் முறை. நிலவறை நீர்க்காப்புக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 8102 இதை ‘சி’ வகை என்கிறது. சுவரிலும் தரையிலும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பைப் பதிப்பார்கள். அதன் பின்னால் நீர் அழுத்தமின்றி வழிந்து, ஓரக் கால்வாய் வழியாகத் தாழ்வான மூலையில் உள்ள சம்பு என்னும் குழிக்குப் போகும். மிதவை ஏறியதும் பம்பு தானாக ஓடும்.

அந்தப் பம்புக்கு பேட்டரியில் ஓடும் துணைப் பம்பு ஒன்று அவசியம். புயல் மழையில்தான் மின்சாரமும் போகும். வெளியேறும் குழாயில் நீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு வைக்க வேண்டும். குழாயின் வாய் வீட்டைவிட்டுத் தள்ளி, சரிவில் இருக்கட்டும். சுவரோரம் விட்டால் அதே நீர் மறுபடி சம்புக்கு வரும். குளிர்காலம் தொடங்குமுன் சம்பில் வாளி நீரை ஊற்றி மிதவை ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்