கணினிக்கு ரிமோட் ரிசீவர் வாங்கும்போது

எங்கள் வீட்டில் படம், பாட்டு எல்லாமே டிவியோடு இணைத்த கணினியில் ‘கோடி’ மென்பொருள் வழியாகத்தான் ஓடுகிறது. அதை சோபாவில் இருந்தபடியே இயக்க எந்த அகச்சிவப்பு ரிசீவர் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்பார்கள். விலையையும் தூரத்தையும் அப்புறம் பார்க்கலாம். செருகியதும் அது கணினியிடம் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்ளும் என்பதை முதலில் பாருங்கள்: கீபோர்டு என்றா, அகச்சிவப்பு ரிசீவர் என்றா?

வீட்டுப் பெரியவர்களும் தொடப்போகிற கணினி என்றால் கீபோர்டு வகையையே சொல்வேன். ‘ஃப்ளர்க்’ அப்படிப்பட்டது. அதன் மென்பொருள் திரையில் காட்டும் விசையைத் தேர்ந்தெடுத்து, கையில் இருக்கும் பழைய டிவி ரிமோட்டில் பிடித்த பட்டனை அழுத்தினால், இரண்டும் ஜோடியாகிவிடும். அந்தப் பதிவு யுஎஸ்பி குச்சிக்குள்ளேயே தங்குகிறது. பிடுங்கி வேறு கணினியில் செருகினாலும், விண்டோஸோ லினக்ஸோ, டிரைவர் எதுவும் கேட்காமல் வேலை செய்யும்.

இரண்டாவது வகை, மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் காலத்து எம்சிஇ ரிசீவர். லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கு டிரைவர் உண்டு. ஆனால் எந்த பட்டன் எதைச் செய்ய வேண்டும் என்று கோப்பில் நாமே எழுதித் தரவேண்டியிருக்கலாம். அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் இது.

இணையக் கடைகளில் ரிமோட்டோடு சேர்த்து விற்கும் மலிவான யுஎஸ்பி ரிசீவர்களில் கவனம் தேவை. பல, கூட வரும் ரிமோட்டுக்கு மட்டுமே அசையும். அந்த ரிமோட் தொலைந்தால் ரிசீவரும் வீண். இன்னும் சில அகச்சிவப்பே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. வீட்டு ரிமோட் எதுவும் அதோடு பேசாது.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் முதலில் டிவியின் சிஇசி வசதியை இயக்கிப் பாருங்கள். டிவி ரிமோட்டின் கட்டளைகள் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வந்துவிட்டால் ரிசீவரே வேண்டாம். சாதாரண கணினிகளின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

பை-யில் தனி சென்சார்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், கடைக்காரர் டிஎஸ்ஓபி 1738-ஐ நீட்டினாலும் 38238-ஐக் கேட்டு வாங்குங்கள். முன்னது 5 வோல்ட்டுக்கானது. பை-யின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பின்னது 2.5 வோல்ட்டிலிருந்தே இயங்கும். கால்களின் வரிசையும் வேறு. குமிழ் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக 1738-க்கு கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். 38238-க்கு அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. இணையத்தில் கிடைக்கும் படம் எந்த எண்ணுக்கானது என்று பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள்.

இரண்டிலும் கடைசியில் உள்ள 38, கிலோஹெர்ட்ஸ் கணக்கு. என்ஈசி முறை ரிமோட்டுகள் 38-லும், பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36-லும், சோனி 40-லும் துடிக்கின்றன. 38 சென்சார் மற்ற இரண்டையும் பிடிக்கும். எட்டும் தூரம்தான் குறையும். சின்ன ஹாலுக்கு அது போதும்.

தூங்கும் கணினியை ரிமோட்டால் எழுப்ப வேண்டுமா? ரிசீவர் அதற்கு ஒத்துழைத்தாலும், கணினி தூங்கும்போது அந்த யுஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் வரவேண்டும். பயாஸில் அதற்கான அமைப்பைத் தேடுங்கள்.

கணினியின் பின்பக்கம் செருகினால் சிக்னல் சரியாக எட்டாது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாக, டிவிக்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள்.