சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பினால் லாபமா?



என்.சி.சி. சுடுதளத்துக்குப் போய் வந்த நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சுட்ட பித்தளை உறையை ஒண்ணு விடாம எண்ணித் திரும்ப வாங்கிக்கிறாங்களே, அதிலேயே மறுபடி மருந்தை அடைச்சுச் சுட முடியாதா? செலவு மிச்சம்தானே?"

நல்ல கேள்வி. அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள். ரீலோடிங் என்று பெயர். நமக்குத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் இதில் உள்ள கணக்கு, டிப்ளமோ முடித்துச் சொந்தமாக ஒரு லேத் போட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போமா?

நான்கு பாகங்கள்

ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள்: உறை, பிரைமர், உந்து மருந்து, முனையில் உள்ள குண்டு. சுட்டபின் மூன்று போய்விடும். உறை மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் அது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விரிகிறது. டையில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விரிந்து சுருங்கி அது இறுகிப்போகும். மெட்டலர்ஜி வகுப்பில் படித்த வொர்க் ஹார்டனிங் இதுதான். கழுத்தை அனீலிங் செய்யாவிட்டால் சீக்கிரம் விரிசல் விடும். ஆக, உறையும் இலவசமில்லை. அதற்கும் ஆயுள் உண்டு.

கணக்கைப் போடுவோம்

கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள்; சந்தை விலை அல்ல.

கடைத் தோட்டா ஒன்று 100 ரூபாய். நாமே நிரப்பினால்: குண்டு 30, மருந்து 15, பிரைமர் 10, உறைத் தேய்மானம் 5. ஆக 60 ரூபாய். ஒன்றுக்கு 40 ரூபாய் மிச்சம். பிரஸ், டை, தராசு, அளவுகருவி எல்லாம் சேர்த்து முதலீடு 40,000 ரூபாய். 40,000-ஐ 40-ஆல் வகுத்தால் 1,000. ஆயிரமாவது தோட்டாவில் போட்ட பணம் திரும்பிவிடும். இதுதான் பிரேக் ஈவன் பாயின்ட்.

மாதம் 200 தோட்டா சுடுபவருக்கு ஐந்தே மாதம். வருடத்துக்கு 100 சுடுபவருக்குப் பத்து வருடம்! அதே கருவி, அதே விலை, எண்ணிக்கைதான் வேறு.

எங்கே உதைக்கிறது?

மேலே போட்ட கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டோம். உழைப்பவரை! மணிக்கு 50 தோட்டா நிரப்புகிறார், மணிக்கூலி 150 என்று வையுங்கள். ஒரு தோட்டாவுக்கு 3 ரூபாய். 40 ரூபாய் மிச்சத்தில் 3 போனால் பெரிய நஷ்டமில்லை; 1,000 என்பது சுமார் 1,080 ஆகும், அவ்வளவுதான்.

இப்போது லட்சக்கணக்கில் உற்பத்தியாகும் மலிவான ரகத்தைப் பாருங்கள். கடை விலை 65 ரூபாய். நமக்கு ஆகும் செலவு அதே 60. மிச்சம் 5 ரூபாய். உழைப்பைச் சேர்க்காவிட்டால் 8,000-இல் பணம் திரும்பும். சேர்த்தால் மிச்சம் 2 ரூபாய். 20,000 தோட்டா நிரப்ப வேண்டும். அதற்கு 400 மணி நேரம்! லாபம் மெலிதாக இருக்கும் இடத்தில் கூலியை மறந்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

அதனால்தான் கடையில் விலை அதிகமான, அபூர்வமான ரகங்களுக்கே ரீலோடிங் கட்டுபடியாகும். தூர இலக்குப் போட்டியாளர்கள் இதைச் செய்வதும் பெரும்பாலும் பணத்துக்காக அல்ல. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி பாய வேண்டும் என்பதற்காக. 2020-க்குப் பின் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது பிரைமரும் சேர்ந்தே கிடைக்காமல் போனது. அப்போது பிரஸ் வைத்திருந்தும் பயனில்லை.

ரிஸ்க் என்ன விலை? .308 வின்செஸ்டர் ரகத்துக்கு உச்ச அழுத்த வரம்பு 62,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல் சுமார் இரண்டாயிரம் மடங்கு. அதுவும் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தனி ஆள் உண்டு. வீட்டில் யார்?

நம் நாட்டில்

முதலாவது, நம் என்.சி.சி. நண்பர்கள் சுடும் .22 தோட்டாவுக்குத் தனி பிரைமர் கிடையாது. பற்றவைக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். நசுங்கியது நசுங்கியதுதான். நடைமுறையில் மறுபடி நிரப்ப முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வென்றது இந்த .22 ரகத்தில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றதோ ஏர் ரைபிளில். அதில் மருந்தே கிடையாது!

இரண்டாவது, சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விளக்கப்படி தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும்கூட 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அடங்கும். உரிமமின்றிச் செய்வது விளையாட்டல்ல, குற்றம். உரிமம் உள்ளவரும் அதில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது. எண்ணிக்கை குறைவு என்றால் பிரேக் ஈவன் எங்கே?

உந்து மருந்து தயாரிப்பு நம் தமிழ்நாட்டிலேயே, நீலகிரி அருவங்காட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அந்த கார்டைட் தொழிற்சாலை 2021 முதல் மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. அது தொழிற்சாலையில் செய்யும் வேலை. வீட்டுத் திண்ணையில் அல்ல.

நமக்கு என்ன பாடம்?

நம் திருநீர்மலைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் சிட்கோ இருக்கிறது. நாளை நம்மில் சிலர் அங்கே வேலைக்குப் போவோம், சிலர் சொந்தமாக ஷெட் எடுப்போம். ஒரு புஷ் கடைய 20 ரூபாய் கொட்டேஷன் கேட்பார்கள். மெட்டீரியல், கரன்ட் 18 ரூபாய், "ரெண்டு ரூபா லாபம்டா!" என்று கைகுலுக்கத் தோன்றும். ஆனால் அதைக் கடைய நான்கு நிமிடம் ஆகிறது என்றால், மணிக்கு 150 வீதம் நம் கூலியே 10 ரூபாய். உண்மையில் 8 ரூபாய் நஷ்டம்!

ஆகவே நண்பர்களே, எந்த வேலைக்கும் கொட்டேஷன் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பீஸ்? என் மணிக்கூலி சேர்ந்ததா? ரிஜெக்‌ஷனும் ரிஸ்க்கும் சேர்ந்ததா? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நம் உழைப்புக்கு நாமே விலை வைக்காவிட்டால், வேறு யாரும் வைக்க மாட்டார்கள்.