ஓட்ஸில் களைக்கொல்லி

கேள்வி: பிள்ளைகளுக்குக் காலையில் கொடுக்கும் ஓட்ஸில் களைக்கொல்லி இருக்கிறதாமே! கம்பெனிகள் ஏதாவது செய்கின்றனவா?
– ஒரு வாசகி, பசியாவரம்

பதில்: இருப்பது உண்மை. 2018இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பணிக்குழு, சாதாரண ஓட்ஸ் உணவுகளில் 45 மாதிரிகளைச் சோதித்தது. 43இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இருந்தது.

களைக்கு அடிக்கும் மருந்து தானியத்துக்குள் எப்படிப் போகிறது? கனடா போன்ற குளிர்நாடுகளில் கதிர் ஒரே சீராகக் காய்வதில்லை. அதனால் அறுவடைக்கு ஓரிரு வாரம் முன்பு பயிரின் மேலேயே கிளைபோசேட் தெளிக்கிறார்கள். பச்சைத் தண்டு கருகிவிடும். எச்சம் மணியில் தங்கிவிடும்.

இந்த மருந்து மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பு குறைவு என்றது. சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே ஸ்ரீசிட்டியில் ஆலை வைத்திருக்கும் கெல்லாக்ஸ், முக்கியச் சந்தைகளுக்கான கோதுமை, ஓட்ஸ் கொள்முதலில் கிளைபோசேட் தெளித்துக் காயவைப்பதை 2025 முடிவுக்குள் கைவிடச் செய்வதாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் விதைப்புக்கு முன் களைக்கு அடிப்பதை இது தடுக்காது.

இந்தியாவில் 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமே கிளைபோசேட் தெளிக்க வேண்டும் என்று விதி வந்தது. இறக்குமதித் தானியத்துக்கு இந்த விதி காவல் இல்லை. துறைமுகச் சோதனைதான் காவல்.

ஓட்ஸ் வாங்கினால் எந்த நாட்டுத் தானியம் என்று உறையில் பாருங்கள். கேழ்வரகை நம் ஊரில் வெயிலில்தான் காயவைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கூழே கொடுங்கள்.