கவலை வந்தால் கை ஏன் பிஸ்கற்றைத் தேடுது? எலிகள் சொல்லித்தரும் பாடம்

வழக்குக்கு முடிவு வரவில்லை. நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருக்கிறீர்கள். பசி இல்லாமலே சிப்ஸ் பக்கற்றும் பிஸ்கற்றும் முடிந்துபோகின்றன. பிறகு ‘எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதில் உங்கள் மூளைக்கும் பங்கு இருக்கிறது.

போதும் என்ற செய்தி

நம் உடலின் கொழுப்பிலிருந்து லெப்ரின் என்ற ஹோர்மோன் சுரக்கிறது. ‘சேமிப்பு இருக்கு, இனிப் போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதை எலிகளில் கண்டுபிடித்தது. ஆனால் உடல் பருத்தவர்களிடம் லெப்ரின் நிறைய இருந்தும் மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை.

இன்னும் வேணும் என்ற செய்தி

ருசியான சாப்பாடு கிடைத்தால் மூளையில் டோபமின் என்ற இரசாயனம் சுரக்கும். 2010இல் புளோரிடாவில் போல் ஜோன்சன், போல் கென்னி என்ற இருவர் எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்குச் சாதாரண எலித்தீனி மட்டும். இரண்டாவதற்கு அதோடு கேக், சொக்லேற், சொசேஜ் போன்றவை நாளுக்கு 1 மணித்தியாலம். மூன்றாவதற்கு அவை ஏறக்குறைய நாள் முழுவதும்.

40 நாளில் மூன்றாவது கூட்டம்தான் நன்றாகக் கொழுத்தது. அவற்றின் மூளையில் டோபமினை வாங்கும் ‘வாங்கிகள்’ குறைந்திருந்தன. அதாவது, அதே ருசி முன்னைப்போல் திருப்தி தரவில்லை. விளக்கு எரிந்தால் காலில் மின்சாரம் அடிக்கும் என்று பழக்கியிருந்தும், அந்த வெளிச்சத்திலேயே அவை தின்றுகொண்டிருந்தன. ருசியான உணவை நிறுத்தி 2 கிழமை ஆகியும் மூளை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கவலை எங்கே வருகிறது?

2003இல் கலிபோர்னியாவில் மேரி டால்மனின் குழு இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது. நீண்டநாள் மன அழுத்தத்தில் இருக்கும் எலிகள் கொழுப்பையும் இனிப்பையும் தேடுகின்றன. தின்றால் அந்த அழுத்தம் சற்றுத் தணிகிறது. பிஸ்கற் உங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆறுதல் தருவதும் பொய்யில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு உடம்புதான் விலை கொடுக்கிறது.

எலியும் மனிதரும் ஒன்றல்ல. என்றாலும் நமக்கு உதவும் பாடம் இதில் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

1. பெரிய பக்கற் வாங்கி அறையில் வைக்காதீர்கள். எலிகளைக் கெடுத்தது உணவு மட்டுமல்ல, அது எந்நேரமும் பக்கத்தில் இருந்ததும்தான்.
2. பட்டினி கிடக்காதீர்கள். நேரத்துக்குச் சோறு, பருப்பு, மரக்கறி சாப்பிடுங்கள்.
3. குறைக்கத் தொடங்கிய முதல் சில கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம்.
4. கை பக்கற்றுக்குப் போகும்போது வெளியே இறங்கி நடவுங்கள், அல்லது ஒருவரோடு கதையுங்கள்.
5. தென்னாசியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட. டொக்டரிடம் இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுங்கள். நித்திரை இல்லை, மனம் சரியில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.